உறிஞ்சுகுழி வெட்டும் முன் மண்ணைச் சோதியுங்கள்

பாதாளச் சாக்கடை இணைப்பு வராத தெருக்களில் செப்டிக் டேங்கிலிருந்து உறிஞ்சுகுழிக்கு வரும் தண்ணீரை மண்தான் உள்வாங்க வேண்டும். வட சென்னையில் ஒரு மனையின் மண்ணை வைத்து அடுத்த மனையைக் கணிக்க முடியாது. திருவொற்றியூர் கடலோரம் மணல். கொசஸ்தலை ஆற்றோரமும் பக்கிங்காம் கால்வாயோரமும் களி. பள்ளமான மனைகளில் மேலே லாரியில் கொட்டிய சவுடு. கொட்டின மண்ணில் சோதிப்பது வீண். அதைத் தாண்டி இயற்கை மண்ணில், கழிவுநீர் இறங்கப்போகும் ஆழத்தில் சோதிக்க வேண்டும்.

முதலில் ஊற்று மட்டம் பாருங்கள். கை ஆகரால் (கையால் திருகி மண்ணைத் துளைக்கும் கருவி) ஆறடி துளைத்து ஒரு நாள் விடுங்கள். தானாகத் தண்ணீர் ஊறி நின்றால் அங்கே உறிஞ்சுகுழி வேண்டாம், மேற்கொண்டு சோதனையும் தேவையில்லை. மே மாதத்தில் காய்ந்து கிடக்கும் துளையை நம்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்று மேலேறிவிடும்.

பிறகு மனையில் தள்ளித்தள்ளி மூன்று இடத்தில் 10 முதல் 30 செ.மீ. அகலக் குழி எடுங்கள். கடப்பாரை பட்ட களிமண் சுவர் மெழுகினதுபோல் அடைத்துக்கொள்ளும். கத்தி முனையால் சுவரைக் கீறிவிட்டு, உதிர்ந்த மண்ணை அள்ளி, அடியில் 5 செ.மீ. பொடி ஜல்லி போடுங்கள்.

ஜல்லிக்கு மேல் 30 செ.மீ. நல்ல தண்ணீர் ஊற்றி, இறங்க இறங்க நிரப்பிக் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க நிறுத்துங்கள். பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். காய்ந்த களிமண் வெடிப்புகளில் தண்ணீர் கடகடவென்று இறங்கும். ஊறி உப்பிய பிறகுதான் உண்மையான வேகம் தெரியும். அவசரப்பட்டு அளந்து கட்டிய குழி முதல் மழைக்கே நிரம்பி, டாய்லெட்டில் தண்ணீர் இறங்காது. சுத்த மணலாக இருந்தால் மட்டும் ஒருமுறை நிரப்பி வடிந்ததும் அளக்கலாம்.

மறுநாள் குழியின் குறுக்கே ஒரு ரீப்பர் கட்டையை அசையாமல் வையுங்கள். ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, கட்டையிலிருந்து நீர்மட்டம் வரை ஸ்கேலால் அளந்து குறியுங்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை, 4 மணி நேரம், தேவைப்படும்போது மீண்டும் 15 செ.மீ.க்கு நிரப்பி அளக்க வேண்டும். கணக்குக்குக் கடைசி 30 நிமிட இறக்கம்தான். மணலில் 10 நிமிட இடைவெளியில் ஒரு மணி நேரம் போதும்.

2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் என்பதே விடை. கடைசி அரை மணியில் 5 செ.மீ. இறங்கினால் 15 நிமிடம். அந்த மண்ணில் ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளுக்குச் சுமார் 52 லிட்டர் ஏற்கும். 5 நிமிடம் என்றால் 90 லிட்டர்; 30 நிமிடம் என்றால் 37 லிட்டர். நாளுக்கு 500 லிட்டர் வரும் வீட்டுக்கு 15 நிமிட மண்ணில் 9.6 சதுர மீட்டர் சுவர்ப் பரப்பு தேவை: 1.5 மீட்டர் விட்டமுள்ள குழி, குழாய் வாய்க்குக் கீழே 2.1 மீட்டர் ஆழம். ஊற்று அந்த ஆழத்துக்கு இடம் தராவிட்டால் ஆழம் குறைந்த இரண்டு குழிகளாகப் பிரியுங்கள்.

30 நிமிடத்தைத் தாண்டினால் உறிஞ்சுகுழி ஒத்துவராது. தண்ணீரை மண்ணுக்குள் அகலமாகப் பரப்பி இறக்கும் கால்வாய் வேண்டும். 60ஐத் தாண்டினால் அதுவும் நடக்காது. தண்ணீர் புகாத தொட்டி கட்டி லாரியில் எடுப்பதுதான் வழி.

கடலோர மணலில் 2.5 செ.மீ. ஒரு நிமிடத்துக்குள் இறங்கினால் மகிழ வேண்டாம். கழிவு வடிகட்டப்படாமலே போரிலும் (ஆழ்துளைக் கிணறு) அடிபம்பிலும் சேரும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர், வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளியே குழி எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் போரையும் அதில் சேர்த்து அளங்கள்.