நாவல் கன்று வாடியதற்குக் காரணம் கிடைத்தது

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவோரம் அக்டோபரில் நட்ட நாவல் கன்று, மார்ச்சில் இலை ஓரம் கருகி உதிர ஆரம்பித்தது. தினமும் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை. வேப்பம் புண்ணாக்கு வைத்தோம், வேப்பெண்ணெய் தெளித்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

குழிமண்ணோ விரல் வைத்தால் நல்ல ஈரம். ஆனால் தண்டை ஒட்டிக் கம்பியைச் செருகினால் இறங்கவே இல்லை. நர்சரிப் பையில் இருந்த மண்கட்டி மட்டும் உள்ளே காய்ந்து இறுகிக் கிடந்தது. வேர் முழுக்க இருப்பதே அதற்குள்தான்! ஊற்றிய தண்ணீர் அதைச் சுற்றி வழிந்து வெளிமண்ணை மட்டும் நனைத்திருக்கிறது.

கட்டியில் கம்பியால் அங்கங்கே துளையிட்டு, 20 லிட்டர் கேனின் அடியில் ஊசித்துளை போட்டுத் தண்டருகே வைத்தோம். இரவெல்லாம் சொட்டியது. மேலே சருகு மூடாக்கு, தண்டில் படாமல். சில வாரங்களில் இளஞ்சிவப்பாகத் துளிர்த்தது, அப்பாடா!

இப்போதும் கம்பி செருகிப் பார்த்துத்தான் தண்ணீர். அடுத்த இரண்டு கோடைக்கும் இதே முறைதான்.