ரிப்போர்ட் நார்மல், வயிறு மட்டும் வலிக்கிறது: பதின்வயது வலியில் வீடுகள் செய்யும் தவறுகள்

பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பிள்ளைக்கு வயிற்றுவலி வருகிறது. ஞாயிறு மாலை தொடங்கி, திங்கள் காலை பல் துலக்கும்போது உச்சத்துக்குப் போய், பள்ளி வேன் புறப்பட்டுப் போன பிறகு மெல்லத் தணிகிறது. இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் நார்மல். அதோடு வீடு இரண்டு கட்சியாகிவிடும். மட்டம் போடுவதற்காக நடிக்கிறான் என்பார் அப்பா. இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு ஸ்கேன் எடுக்கலாம் என்பார் அம்மா. வலி உடம்பிலா மனத்திலா என்ற ஒரே கேள்விக்குத்தான் இருவரும் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியே பிழையானது.

வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறை, வலியை உடலுணர்வும் உள்ள உணர்ச்சியும் கலந்த அனுபவம் என்றுதான் சொல்கிறது. உடம்பில் சேதம் கண்ணில் பட்டால்தான் வலி என்ற நிபந்தனை அதில் இல்லை. உடம்பிலிருந்து கிளம்பும் வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், முதுகுத் தண்டிலேயே கூடவோ குறையவோ செய்கிறது. வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் சொன்ன இக்கருத்தின் நுணுக்கங்கள் பிற்பாடு மாறினாலும் அடிப்படை நிலைத்திருக்கிறது. பயம், மனச்சோர்வு, தூக்கக் குறைவு மூன்றும் வலியைக் கூட்டுபவை. 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஐந்து மணி டியூஷனும் இரவு பதினொரு மணி வரை படிப்பும் இருக்கிற வீட்டில் அதற்கு எங்கே போவது? எதிர்த் திசையிலும் இதே கதைதான். மாதக்கணக்கில் வலிக்கும் பிள்ளை விளையாட்டை விடுகிறது, நண்பர்களை இழக்கிறது, பாடத்தில் பின்தங்குகிறது, சோர்ந்து போகிறது. எது முதலில் வந்தது என்று தேடுவதில் பெரிய பயன் இல்லை.

இது செல்போன் கொண்டுவந்த நோயும் அல்ல. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி 1958இல் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோதே, ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வயிற்றுவலி வருவதைப் பதிவு செய்திருக்கிறார்.

மனத்தைக் கடைசியில் விசாரிப்பது

தவறுகளில் இதுதான் பெரியது. வீட்டாரும் செய்கிறார்கள், மருத்துவர்களும் செய்கிறார்கள். எல்லாப் பரிசோதனையும் முடிந்து, எதிலும் எதுவும் கிடைக்காதபோது, “ஒன்றுமில்லை, டென்ஷன்தான்” என்று சொல்வது. மூன்று மாதம் வலியோடு அலைந்த பதினைந்து வயதுப் பெண்ணின் காதில் அது “நீ பொய் சொல்கிறாய்” என்றுதான் விழும். அடுத்து மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னால் தண்டனை மாதிரி இருக்கும். போனாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

முதல் நாளே இரண்டையும் சேர்த்து விசாரித்தால் இந்தச் சிக்கல் வராது. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று கேட்கும் அதே மூச்சில் தூக்கம் எப்படி, பசி எப்படி, வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா, வீட்டில் சண்டையா என்றும் கேட்கலாம். இதில் பாதியைப் பிள்ளை பெற்றோர் முன்னிலையில் சொல்லாது. ஐந்து நிமிடம் வெளியே இருங்கள் என்று மருத்துவர் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் எழுந்து போங்கள். அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். இன்னொன்று: இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எரிந்து விழுவதாக, எதற்கெடுத்தாலும் சண்டையாக வரலாம். திமிர் என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

எல்லாவற்றையும் டென்ஷன் கணக்கில் எழுதுவது

மனநலம் பற்றிய பேச்சு பெருகியிருக்கும் இக்காலத்தில் இந்தத் தவறும் பெருகுகிறது. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, விடாத காய்ச்சல், மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, தொப்புளை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் நிலைக்கும் வலி ஆகியவை இருந்தால் உடல் நோயை முழுமையாகத் தேடியாக வேண்டும். நம் ஊரில் காசநோய் குடலையும் தாக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரே காலில், முழங்கால் பக்கம், இரவிலும் விடாமல் வாரக்கணக்கில் வலித்தால் ‘வளர்கிற வயசு’ என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எலும்புப் புற்று பதின்வயதில் அதிகம் வரும் இடம் அது. நீலகிரிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு எலும்பும் மூட்டும் விட்டுவிட்டு வலித்தால் இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் இரத்தசோகை நினைவுக்கு வர வேண்டும்.

பையன்கள் விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அடிவயிறு திடீரென்று சுருட்டிப் பிடித்து வாந்தியும் வந்தால், விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தாமதமானால் விரையையே இழக்க நேரிடும். வெட்கப்பட்டு ‘வயிறு வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லும் பையனிடம் அப்பாவோ மாமாவோ நேராகக் கேட்டுவிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெண் பிள்ளைகளுக்கு நேர்மாறான அநியாயம். மாதவிடாய் நாளில் சுருண்டு படுத்துக் கிடக்கும் மகளிடம், இதெல்லாம் எல்லாருக்கும் வருவது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறோம். மாதாமாதம் பள்ளிக்கு விடுப்பு எடுக்கும் அளவுக்கு வலித்தால் அது எல்லாருக்கும் வருவது அல்ல. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், கருவுறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதில் பலருக்கு வலி தொடங்குவது பள்ளிப் பருவத்தில். தலைவலி, களைப்பு என்றால் இரத்தசோகையையும் பாருங்கள்: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு அது இருக்கிறது.

மணிக்கொரு தரம் “இப்போது வலிக்கிறதா?”

அன்பினால் செய்யும் தவறு இது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் லின் வாக்கர் குழுவினர் நடத்தி 2006இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நாள்பட்ட வயிற்றுவலி உள்ள பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் வயிறு நிரம்பி ஒரு மாதிரி ஆகும்வரை தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு சில பெற்றோரை, எப்படி இருக்கிறது, எங்கே செய்கிறது என்று அக்கறையாகக் கேட்கச் சொன்னார்கள். வேறு சிலரைப் பேச்சை வேறு பக்கம் திருப்பச் சொன்னார்கள். எதுவும் சொல்லிக்கொடுக்கப்படாத பெற்றோரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், அக்கறையாகக் கேட்கப்பட்டவர்களிடம் முறையீடு ஏறத்தாழ இரட்டிப்பானது. பேச்சு திருப்பப்பட்டவர்களிடம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வலியுள்ள பிள்ளைகளின் பெற்றோரோ பேச்சைத் திருப்புவதுதான் பிள்ளையைப் பாதிக்கும் என்று அஞ்சினார்கள். பிள்ளைகளின் அனுபவம் அதற்கு எதிராக இருந்தது.

இதைப் படித்துவிட்டு வலியைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். “வலிக்கிறது, தெரிகிறது” என்று ஒரு முறை ஒத்துக்கொண்டு, பிறகு கூடவே உட்கார்ந்து காய் நறுக்கலாம், கிரிக்கெட் பேசலாம். நாளுக்கு ஒரு முறை, இரவு உணவுக்குப் பிறகு, ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: பத்துக்கு எத்தனை வலி, எத்தனை மணி நேரம் தூங்கினான், என்ன சாப்பிட்டான், அன்று என்ன நடந்தது. மூன்று வாரத்தில் அந்த நோட்டு மருத்துவருக்கு இன்னொரு ஸ்கேனைவிடப் பயன்படக்கூடும். கணக்குப் பரீட்சைக்கு முந்தைய நாளெல்லாம் ஏழு, எட்டு என்று இருந்தால் அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சுட்டிக்காட்டினால் குற்றச்சாட்டாகிவிடும்.

மாத்திரையும் ஓய்வும்

மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கிறது என்பதற்காகத் தலைவலிக்கு அட்டை அட்டையாக வாங்கி வைக்காதீர்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு அந்த வரம்பு 10 நாள்தான்.

‘சரியாகும் வரை பள்ளிக்குப் போக வேண்டாம்’ என்பதும் அப்படித்தான். எலும்பு முறிவுக்கு ஓய்வு மருந்து. மூன்று மாதம் தாண்டிய வலிக்குப் பெரும்பாலும் அது கெடுதல். தசை தளர்கிறது, தூக்கம் தாறுமாறாகிறது, பாடம் குவிகிறது, திரும்பிப் போகும் பயம் வலியைக் கூட்டுகிறது. வகுப்பாசிரியரிடம் பேசி முதல் வாரம் அரைநாள், பிறகு மதிய உணவு முடியும் வரை, பிறகு முழுநாள் என்று ஏற்றலாம். வலி நின்ற பிறகு பள்ளி என்பதைவிட, பள்ளிக்குப் போகப் போக வலி குறையும் என்பதே நடைமுறையில் அதிகம் பலிக்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் இந்த அடிப்படையில்தான் பிள்ளைகளின் நாள்பட்ட வலிக்கு உதவுகிறது. குடலேற்றம் என்று வயிற்றைத் தட்டுகிறவர்களிடம் கூட்டிப்போவதைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம்.

தற்கொலை பற்றிக் கேட்கப் பயப்படுவது

நாள்பட்ட வலியும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்தால், “செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா?” என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டால் எண்ணத்தை விதைத்தது போலாகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. நேராகக் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறுதலாகவே இருக்கும். ஆமாம் என்று பதில் வந்தால் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மத்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மனநலப் பிரிவுக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், பெண்ணுக்கு வரன் அமையாது என்று தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே போகத் தொடங்கிய பிறகும் குழந்தை மருத்துவரை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்தில் எடை குறைந்தாலோ வலியின் இடம் மாறினாலோ கண்டுபிடிக்க வேண்டியவர் அவர்தான்.