அந்தமானின் ஓரிடவாழ் உயிரினங்களைக் காண: செட்டிநாட்டிலிருந்து செல்வோர்க்கு ஒரு வழிகாட்டி

நிலப்படத்தில் காரைக்குடியின் மேல் விரலை வைத்து, நேர்க்கிழக்காக வங்கக் கடலின் மீது நகர்த்திக்கொண்டே போனால், அது கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நுழைந்து, பிறகு எந்தக் கரையையும் தொடாமல் பத்துப் பாகைக் கால்வாயில் போய் நிற்கும். வடக்கே அந்தமான் தீவுகளையும் தெற்கே நிக்கோபார் தீவுகளையும் பிரிக்கின்ற, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள கடல் அது. நம் வீடுகளின் முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. அந்த பர்மாவின் மேற்கோரமாக ஓடும் அரக்கன் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, மீண்டும் தலைகாட்டும் முகடுகளே அந்தமான் தீவுகள். கடல் சூழ்ந்த அந்த முகடுகளில் நெடுங்காலம் தனித்திருந்த பறவைகளும் பல்லிகளும் பாம்புகளும் பெருநிலத்து உறவினரிடமிருந்து மெல்ல மாறி, உலகில் வேறெங்கும் இல்லாத இனங்களாகிவிட்டன. இவற்றையே ஓரிடவாழ் உயிரினங்கள் என்கிறோம்.

இவற்றைக் காணச் செல்பவர் முதலில் செய்ய வேண்டியது பயணச்சீட்டு எடுப்பதன்று. தம் ஊர்ப் பறவைகளை நன்றாகத் தெரிந்துகொள்வதுதான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீவில் நீங்கள் காணப்போகும் பறவைகளில் பெரும்பாலானவை நம் ஊர்ப் பறவைகளின் பங்காளிகள். செம்போத்தைத் தெரியாதவருக்கு அந்தமான் செம்போத்து வெறும் பழுப்புப் பறவை. தெரிந்தவருக்கோ, கரிய உடல் வெளிறி மங்கிய பழுப்பாகி, செம்பழுப்புச் சிறகு மட்டும் மாறாமல் நிற்கும் அந்த உருவத்தைக் கண்டதும் தீவு என்ன செய்திருக்கிறது என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும். ஆகவே புறப்படுவதற்கு முன் ஒரு மாத காலமாவது காலையில் ஊருணிக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் கோயில் காட்டு ஓரத்திலும் பைனாகுலருடன் நடந்து, வால்காக்கை, கரிச்சான், பொன்முதுகு மரங்கொத்தி, கருந்தலை மைனா, சின்னான், பச்சைப்புறா ஆகியவற்றின் நிறம், வால், குரல், அமரும் கிளையின் உயரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். அதற்கு மேற்பட்டது கையில் நடுங்கும். அடர்ந்த காட்டில் பறவையைத் தேடிப் பிடிக்கவும் நேரமாகும். கூட்டமாக அமர்ந்திருக்கும் பறவைகளை ஓசையின்றி நெடுநேரம் பார்க்கப் பழக வேண்டுமானால் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடி சரணாலயத்துக்குச் செல்லுங்கள். அங்கு வந்து தங்கும் நாரைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத மக்கள் வாழும் ஊர் அது. தொந்தரவு செய்யாமல் பார்ப்பது என்றால் என்ன என்பதை அந்த ஊரைவிடச் சிறப்பாக யாரும் கற்றுத்தர முடியாது.

பயணத்துக்கு ஏற்ற காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. மழைக் காலத்தில் காட்டுப் பாதைகளில் அட்டை மிகுதி. கடலும் கொந்தளிப்பாக இருக்கும். காரைக்குடியிலிருந்து பல்லவன் விரைவு வண்டியில் சென்னைக்குச் சென்று, அங்கிருந்து விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கப்பலில் சென்றால் ஏறக்குறைய மூன்று நாள். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது. சந்தையிலும் பேருந்திலும் தமிழ் பேசுவோர் நிறையப் பேர் உண்டு என்பதால் வழி கேட்கவோ வண்டி பேசவோ தயங்க வேண்டியதில்லை.

நேரத்தைப் பற்றி மட்டும் கவனமாக இருங்கள். அந்த நகரம் காரைக்குடிக்கு ஏறத்தாழ 14 பாகை கிழக்கே இருக்கிறது; கடிகாரமோ நம்முடையதேதான். ஆகவே சூரியன் நம் ஊரைவிட ஏறக்குறைய 55 நிமிடம் முன்னதாக எழும். மாலையிலும் அவ்வாறே முன்னதாக மறையும். முதல் முறை சென்றபோது நான் ஊர்ப் பழக்கப்படி ஆறு மணிக்கு எழுந்து, காப்பி குடித்து, ஏழரைக்குக் காட்டோரம் சேர்ந்தேன். அதற்குள் வெயில் ஏறி, பறவைகள் மரக்கூட்டத்துக்குள் அடங்கிவிட்டன. அந்த ஒரு நாள் வீணாகிவிட்டது. விடியும்போது நீங்கள் காட்டில் நிற்க வேண்டும். அந்நேரத்தில் கடை திறந்திராது. வீட்டிலிருந்து சீப்புச்சீடையும் மாவுருண்டையும் தகர டப்பாவில் கொண்டுபோவது நல்லது. பிளாஸ்டிக் பை வேண்டாம்.

தொடங்குவதற்குச் சிறந்த இடம் நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ள சிடியா டாப்பு. மற்றவர்கள் சூரியன் மறைவதைக் காண மாலையில் அங்கே வருவார்கள். நீங்கள் விடியலில் செல்லுங்கள். கடற்கரைக்கு இறங்குவதற்கு முன்பே, சாலையின் இருபுறமும் உயர்ந்த மரங்கள் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள். முதலில் காதில் விழுவது பெரும்பாலும் அந்தமான் கரிச்சான்களின் கூச்சலாக இருக்கும். அவை இருக்கும் இடத்தைவிட்டு நகராதீர்கள். கரிச்சான்கள் செல்லும் கலப்புக் கூட்டத்தில் அந்தமான் வால்காக்கையும் அடிக்கடி சேர்ந்துகொள்ளும். நம் வால்காக்கையைவிடச் சிறிதான அதைக் கண்டு நான் முதலில் ஏமாந்தேன். சாம்பல் தலை, கருத்த முகம், துருநிற வயிறு, நீண்ட கரிய வால், இவற்றுக்கு நடுவே எலுமிச்சம்பழத் தோலின் நிறத்தில் பளிச்சென்ற கண். அந்தக் கண் இருளில் ஒரு புள்ளியாகத் தெரிந்தபின்தான் உடல் முழுவதும் எனக்குப் புலப்பட்டது. அடர்காட்டில் இதையே ஒரு முறையாகக் கொள்ளலாம்: முழுப் பறவையைத் தேடாமல், கண், வால், அசையும் இலை என்று ஏதாவது ஒன்றைத் தேடுங்கள்.

தட்டும் ஓசை கேட்டால் பட்டுப்போன பெருமரங்களைப் பாருங்கள். அந்தமான் மரங்கொத்தி உடல் முழுதும் கரியது. கொண்டை மட்டும் செக்கச்செவேல் என்றிருக்கும். ஆணுக்கு நெற்றியிலிருந்தே சிவப்பு தொடங்கும். பெண்ணுக்குக் கொண்டையின் பின்பகுதியில் மட்டும். கழுகைக் கண்டால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். உடல் முழுதும் கரும்பழுப்பாக, உள்காட்டில் இருப்பது அந்தமான் பாம்புக் கழுகு. அது ஓரிடவாழ் இனம். வெளிறிய வயிற்றோடு அலையாத்திக் காட்டிலும் கடலோரத்திலும் இருப்பது, நம் நாட்டிலும் உள்ள கொண்டைப் பாம்புக் கழுகின் தீவு வகை. வெண்தலை மைனாவுக்குக் காடு தேவையில்லை. நகர ஓரத் தோட்டங்களிலேயே தென்படும். நம் கருந்தலை மைனாவைப் பார்த்துப் பழகியவருக்கு, கருமைக்குப் பதில் வெண்மை ஏறிய அந்தத் தலை மறக்காது.

பறவைகளோடு நிறுத்திவிடாதீர்கள். பகல் பத்து மணிக்கு மேல், பறவைகள் அடங்கியபின், வாழை, தென்னை, பப்பாளித் தண்டுகளை நெருங்கிப் பாருங்கள். நான் தங்கிய விடுதியின் பின்புறத்துப் பப்பாளி மரத்தில் அந்தமான் பகல்பல்லியை ஒரு முழத் தொலைவில் பார்த்தேன். இளந்தளிரின் பச்சை, முதுகில் குங்குமத்தைத் தொட்டு வைத்தது போன்ற செம்புள்ளிகள். அது தலைகீழாக ஒட்டிக்கொண்டு பூவின் தேனை நாவால் ஒற்றி ஒற்றி எடுத்தது. நான் இமைத்தபோது தண்டின் மறுபுறம் நகர்ந்தது. அசையாமல் நின்றதும் மீண்டும் எட்டிப் பார்த்தது. நம் வளவுச் சுவரில் இரவில் விளக்கடியில் பூச்சி பிடிக்கும் பல்லியை மட்டுமே கண்டவர்களுக்கு இது புதுமையாகவே இருக்கும். இதன் நெருங்கிய உறவினர்கள் இந்தியாவின் பெருநிலத்தில் இல்லை. மடகாஸ்கரிலும் அதைச் சுற்றியுள்ள தீவுகளிலும்தான் இருக்கின்றன.

அடுத்த நாளுக்கு மவுண்ட் ஹாரியட் என்று முன்பு வழங்கிய மவுண்ட் மணிப்பூர் தேசியப் பூங்கா ஏற்றது. சாத்தம் துறையிலிருந்து படகில் பம்பூஃப்ளாட்டுக்குக் கடந்து செல்ல வேண்டும். சாத்தத்திலேயே 1883 முதல் இயங்கும் மர அறுவை ஆலை இருக்கிறது. மரத்தின் அருமை தெரிந்த நம் பக்கத்தார் அங்கே ஒரு மணி நேரம் செலவிடலாம். அங்குப் பார்க்க வேண்டியது அந்தமான் படாக் மரம்: நம் வேங்கையின் இனம், செந்நிறம் பாய்ந்த வைரம், இதுவும் அத்தீவுகளுக்கே உரியது. இரவுப் பறவைகளான அந்தமான் ஆந்தைகளுக்கும் பக்கிக்கும் ஷோல் பே காட்டோரம் நல்லது. வழிகாட்டி ஒருவர் இல்லாமல் இரவில் செல்ல வேண்டாம். குரல் பதிவை ஒலிக்கச் செய்து ஆந்தையை வரவழைக்க அவர் முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். எதிரி வந்துவிட்டதென்று எண்ணி அது தன் கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அலையும்.

சுற்றுலாப் பயணிகள் மிகுதியாகப் படம் பிடிக்கும் ராஸ் தீவு என்று முன்பு வழங்கிய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவின் புள்ளிமானும் மயிலும் அத்தீவுகளுக்கு உரியவை அல்ல. மனிதர் கொண்டுவந்து விட்டவை. புள்ளிமானைத் தின்னும் பெரிய விலங்கு அந்தமானில் இல்லாததால், அது பெருகிக் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுகிறது. உங்கள் பட்டியலில் இவற்றைத் தனியே எழுதுங்கள்.

சில உயிரினங்களைக் காண முடியாது என்பதையும் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். நார்கொண்டம் இருவாச்சி, ஏறக்குறைய 7 சதுர கிலோமீட்டரே உள்ள நார்கொண்டம் என்ற எரிமலைத் தீவில் மட்டும் வாழ்கிறது. காங்கிரஸைத் தோற்றுவித்தவராக நாம் அறிந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான் 1873இல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். சிறப்பு அனுமதியின்றி அங்கே செல்ல இயலாது. அப்படி இருப்பதே அந்தப் பறவைக்கு நல்லது. நிக்கோபாரின் மெகாபோட் பறவை மணலையும் சருகையும் குவித்து மேடு கட்டி, முட்டையை அதனுள் புதைத்துவிடும். அடைகாப்பது தாயன்று, மக்கும் சருகின் சூடு. குஞ்சு மேட்டைத் தானே கிளறி வெளிவந்து, தாயின் உதவியின்றிப் பிழைத்துக்கொள்கிறது. மேடுகள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டி இருந்ததால் 2004 ஆழிப்பேரலை அவற்றில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. நிக்கோபாரின் பெரும்பகுதி பழங்குடி மக்களின் காப்பகம். நிர்வாகத்தின் அனுமதியின்றி அங்கே கால் வைக்கக் கூடாது.

அந்தமான் நெடுஞ்சாலையில் வடக்கே செல்ல நேர்ந்தால், ஜாரவா மக்களின் காப்பகத்தின் வழியே வண்டிகள் காவலோடு வரிசையாகச் செல்லும். அங்கே வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் உணவு கொடுப்பதும் குற்றம். பறவை தெரிந்தாலும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். கடற்கரையில் கிடக்கும் பவளத்துண்டையும் சங்கையும் எடுத்துவர வேண்டாம். பவளமும் பல சங்கினங்களும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை, விமான நிலையத்தில் பையைச் சோதித்துப் பறிமுதல் செய்வார்கள்.

திரும்பியதும், ஊருணிக் கரையில் எழுதிய அதே நோட்டில் இடப்பக்கம் நம் ஊர்ப் பறவையையும் வலப்பக்கம் தீவுப் பறவையையும் வைத்து, கண்ட நாள், இடம், நேரம், நிறம், குரல் ஆகியவற்றை எழுதுங்கள். தெளிவாகக் காணாததற்கு எதிரே பெயரைப் போடாமல் வெற்றிடமாக விட்டுவிடுங்கள்.