பியோரியாவில் வீடு மலிவு, சரி, மற்றதெல்லாம்?

அமெரிக்காவின் பெரிய ஊர்களில் வாடகை கொடுத்துக் களைத்துப்போனவர்கள் இப்போது அடிக்கடி சொல்லும் பெயர்களில் ஒன்று பியோரியா. இல்லினாய் மாநிலத்தில், இல்லினாய் ஆற்றங்கரையில் இருக்கிறது. சிகாகோவிலிருந்து சுமார் 165 மைல். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,13,150. பல பத்தாண்டுகள், மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் கம்பெனியின் தலைமையகம் இருந்த ஊர் என்பதால், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன என்ஜினியர்களுக்குப் பழக்கமான பெயரும்கூட. ஒன்றரை லட்சம் டாலருக்குத் தனி வீடு கிடைக்கும். நியூ ஜெர்சியின் எடிசனில் அந்தத் தொகை முன்பணத்துக்குத்தான் சரியாக இருக்கும்.

இதெல்லாம் உண்மை. ஆனால் இங்கே மலிவு என்பது வீட்டின் விற்பனை விலை மட்டும்தான். வரி, கரண்ட், இன்சூரன்ஸ், கார், ஊருக்குப் போய்வரும் விமான டிக்கெட் எதுவும் அந்த அளவுக்கு மலிவு இல்லை. சில பெரிய ஊர்களைவிட அதிகமும்கூட. மலிவு ஊர்களுக்குப் போய்க் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் வீட்டு விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள்தான்.

சொத்து வரியை விற்பவரின் ரசீதிலிருந்து எடுப்பது

இல்லினாயில் சொத்து வரி அமெரிக்காவிலேயே அதிகமானவற்றில் ஒன்று. கணக்கு இப்படிப் போகும்: வீட்டின் சந்தை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை வரி மதிப்பாக எடுப்பார்கள். சொந்தமாகக் குடியிருப்பவர் என்றால் அதில் 6,000 டாலர் கழிப்பார்கள். மிச்சத்தின் மேல் பள்ளி மாவட்டம், நகராட்சி, கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), நூலகம், பூங்கா என்று ஒவ்வொன்றும் தன் பங்கைப் போடும்.

1,80,000 டாலர் வீட்டை எடுத்துக்கொள்வோம். வரி மதிப்பு 60,000. கழிவு போக 54,000. எல்லா அமைப்புகளும் சேர்ந்து 9 சதவீதம் போடுவதாக வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 4,860 டாலர், மாதம் 405. அதே வீட்டுக்கு 20 சதவீதம் முன்பணம் கட்டி, மீதியை 6.5 சதவீத வட்டியில் 30 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 910 டாலர். ஆக, தவணையில் கிட்டத்தட்ட பாதி அளவுக்கு வரியே வந்துவிடுகிறது. அதுவும் கடன் முடிந்த பிறகும் நிற்காத செலவு.

வீடு தேடும் இணையதளங்களில் 'கடந்த ஆண்டு வரி' என்று ஒரு எண் இருக்கும். அது விற்பவர் கட்டியது. விற்பவர் 65 வயதைக் கடந்தவர் என்றால் அவருக்கு வரி மதிப்பில் கூடுதலாக 5,000 கழிவு உண்டு. வருமானம் குறைந்த முதியவர் என்றால் வரி மதிப்பையே பழைய ஆண்டின் அளவில் உறைய வைக்கும் சலுகையும் உண்டு. மேலே சொன்ன வீட்டின் மதிப்பு 40,000-இல் உறைந்திருந்தால், இரண்டு கழிவும் போக 29,000-க்குத்தான் வரி: 2,610 டாலர். நீங்கள் வாங்கியதும் அந்தச் சலுகைகள் போய்விடும். 2,610 பார்த்து வாங்கியவருக்கு 4,860-க்கு பில் வரும். பியோரியாவின் பழைய வீடுகளில் நிறைய, முதியவர்கள் 30, 40 வருடம் குடியிருந்து விற்பவை என்பதால் இது அபூர்வமான சிக்கல் இல்லை. கவுண்டியின் இணையதளத்தில் வீட்டு எண்ணைப் போட்டால் எந்தெந்தச் சலுகை இருக்கிறது என்று தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை.

இன்னொன்று, இங்கே வரி ஒரு வருடம் பின்தங்கி வரும். இந்த வருடத்துக்கான வரியை அடுத்த வருடம் ஜூனிலும் செப்டம்பரிலும் கட்ட வேண்டும். அதனால் வீடு கைமாறும்போது விற்பவர் தன் காலத்து வரியைக் கணக்கிட்டு உங்களுக்குக் கழித்துக் கொடுப்பார். கையிலிருந்து கொடுக்கும் பணம் சில ஆயிரம் குறைந்ததும் மனசு குளிர்ந்து சோபா வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அது சோபா காசு இல்லை, ஜூன் மாத வரிக் காசு. தவணையோடு வரிக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கு வழியாக வங்கியே வரி கட்டினாலும், பழைய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் இரண்டாம் வருடம் பற்றாக்குறை என்று கடிதம் வந்து தவணை ஏறும்.

மதிப்பு அதிகம் என்று தோன்றினால் கவுண்டியின் மறுஆய்வுக் குழுவிடம் முறையிடலாம். மதிப்பீட்டுப் பட்டியல் வெளியான 30 நாளுக்குள் செய்ய வேண்டும். சொந்த வீட்டுக்கு வக்கீல் வேண்டியதில்லை.

பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிடாமல் முடிவெடுப்பதும் தவறுதான். இந்தியானாவில் ஃபோர்ட் வெய்ன் இதே மாதிரி மலிவு ஊர். அங்கே சொந்தக் குடியிருப்புக்குச் சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு, உள்ளூர் வாக்கெடுப்பில் சேர்த்த வரி மட்டும் விலக்கு. அதாவது 1,80,000 டாலர் வீட்டுக்கு 1,800. வருமான வரியிலும் வித்தியாசம் உண்டு: இல்லினாயில் மாநிலத்துக்கு ஒரே விகிதமாக 4.95 சதவீதம். இந்தியானாவில் 2025-இல் 3 சதவீதம், அதன் மேல் கவுண்டி வருமான வரி தனி. ஆனால் இல்லினாய் ஓய்வூதியத்துக்கும், 401கே என்ற ஓய்வுகாலச் சேமிப்புப் பணத்துக்கும் மாநில வரி போடுவதில்லை. ஓய்வு பெற்றவருக்கும் சம்பளக்காரருக்கும் இந்தக் கணக்கு வேறு வேறு விடை தரும்.

மாத பில்களைத் தோராயமாக நினைப்பது

பியோரியாவில் மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் அமெரென் இல்லினாய் நிறுவனத்துடையவை. ஊர் சின்னது என்பதால் கரண்ட் மலிவாக இருக்கும் என்று எண்ணுவதற்கு ஒரு காரணமும் இல்லை. இந்தப் பகுதி மைசோ என்ற மின்தொகுப்பில் இருக்கிறது. தேவைப்படும் நேரத்தில் மின்சாரம் தரத் தயாராக இருப்பதற்காக மின்நிலையங்களுக்குக் கொடுக்கும் விலை அங்கே ஏலத்தில் முடிவாகும். 2024 கோடைக்கு ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 30 டாலராக இருந்தது, 2025 கோடைக்கு 666.50 டாலர் ஆனது. அந்த ஜூனிலிருந்து வீட்டு பில்களில் அது தெரிந்தது. 2023-இல் குடியிருந்த நண்பர் சொல்லும் கரண்ட் செலவை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

இதோடு ஒரு வாசல் தொல்லையும் இருக்கிறது. இல்லினாயில் மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்பதை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம். கம்பி அமெரெனுடையது, மின்சாரம் வேறு கம்பெனியுடையது. இதைச் சாக்காக வைத்துக் கழுத்தில் அடையாள அட்டையோடு ஆள் வருவார். "உங்க பில்லைக் காட்டுங்க, தள்ளுபடி இருக்கான்னு பார்க்கிறேன்" என்பார். பில்லில் இருக்கும் கணக்கு எண் கையில் கிடைத்தால் உங்களை வேறு கம்பெனிக்கு மாற்றுவது எளிது. முதல் சில மாதம் விலை குறைவு, அப்புறம் மாறும் விலை. அமெரென் தன் மின்சாரத்துக்கு வெளியிடும் 'ஒப்பிடும் விலை'யை வைத்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். புதிதாக வந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள், மறுத்துப் பேசக் கூச்சப்படுகிறோம்.

தண்ணீருக்குத் தனியார் கம்பெனி பில், கழிவுநீருக்கு வேறு அமைப்பின் பில். மழைநீருக்கும் நகராட்சி தனிக் கட்டணம் வைத்திருக்கிறது. கூரையும் டிரைவ்வேயும் எவ்வளவு பரப்பை மூடுகின்றன என்று பார்த்துப் போடுவது. மூன்று கார் நிறுத்த இடமுள்ள வீடு பார்த்து மகிழும்போது இதுவும் நினைவிருக்கட்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் மிட்வெஸ்ட் பற்றிய பழைய நம்பிக்கை இப்போது செல்லாது. புயல் கடற்கரையில்தான், இங்கே என்ன என்பார்கள். 2013 நவம்பர் 17 அன்று பியோரியாவுக்குப் பக்கத்திலிருக்கும் வாஷிங்டன் என்ற சிற்றூரை ஈஎஃப்-4 (உச்சம் 5) அளவுச் சூறாவளி கிழித்துப்போட்டது. ஆலங்கட்டி மழை அடிக்கடி கூரைகளைப் பதம் பார்க்கிறது. 2025-இல் ஸ்டேட் ஃபார்ம் இல்லினாய் வீட்டு இன்சூரன்ஸ் கட்டணத்தைச் சராசரியாக 27.2 சதவீதம் உயர்த்தியது. அந்த கம்பெனியின் தலைமையகம் பியோரியாவிலிருந்து 40 மைலில், புளூமிங்டனில்தான் இருக்கிறது. பாலிசியில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு உங்கள் பங்கு ஆயிரம் டாலர் என்று இருக்கிறதா, வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால் 2 சதவீதம் என்பது 6,000 டாலர். கூரை போனால் முதலில் அது உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

பழைய வீட்டின் அழகில் மயங்குவது

பியோரியாவின் வெஸ்ட் பிளஃப் பக்கம் 1920-களில் கட்டிய வீடுகள் உண்மையிலேயே அழகு. ஓக் மரத் தரை, முன்திண்ணை, பெரிய மரங்கள். அந்த மரங்களின் வேர்கள்தான் பழைய களிமண் கழிவுநீர்க் குழாய்களுக்குள் புகுந்துகொள்கின்றன. வழக்கமான வீட்டுச் சோதனையில் அந்தக் குழாயைப் பார்க்க மாட்டார்கள். கேமரா விட்டுப் பார்க்கத் தனியாகச் சொல்ல வேண்டும். சில நூறு டாலர் ஆகும், குழாயை மாற்ற நேர்ந்தால் பல ஆயிரம். 1978-க்கு முன் கட்டிய வீட்டில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கலாம், கைக்குழந்தை இருந்தால் இது சின்ன விஷயமே இல்லை. பேஸ்மென்டில் ரேடான் (மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு) அளவையும் பாருங்கள். லிட்டருக்கு 4 பிக்கோகியூரிக்கு மேல் இருந்தால் வெளியேற்றும் விசிறி வைக்க வேண்டும். அந்தச் செலவை விற்பவரிடம் கேட்டு வாங்கலாம், கையெழுத்துக்கு முன் கேட்டால்.

சம்பளத்தைச் சதவீதத்தில் பேசுவது

எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது, ஏனென்றால் வீட்டைப் பார்க்கும் முன்பே செய்துவிடுகிறார்கள். ஆன்லைன் கணக்கீட்டில் சியாட்டிலைவிட பியோரியா 30 சதவீதம் மலிவு என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "அப்போ சம்பளம் 30 சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லை" என்று ஒப்புக்கொள்கிறார்கள். 1,50,000 வாங்கி, வரி உட்பட 1,10,000 செலவு செய்து, 40,000 மிச்சம் பிடித்தவர் 1,05,000-க்கு வருகிறார். செலவும் அதே 30 சதவீதம் குறைந்து 77,000 ஆகிறது. மிச்சம் 28,000. ஊர் மலிவானதில் அவருக்கு வருடத்துக்கு 12,000 டாலர் நஷ்டம்.

ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணம், தாம்பரம் பக்கம் வாங்கிய ஃப்ளாட்டின் தவணை, ஐஃபோன், கார், சென்னை டிக்கெட் எதற்கும் பியோரியா விலை என்று தனியாக ஒன்று கிடையாது. டிக்கெட்டில் எதிர்பக்கம்தான். பியோரியாவிலிருந்து முதலில் சிகாகோ மாதிரி ஒரு பெரிய விமான நிலையத்துக்குப் போக வேண்டும். ஆகவே பேரம் பேசும்போது மிச்சம் எவ்வளவு என்ற எண்ணை வைத்துப் பேசுங்கள்.

மனைவி அல்லது கணவருக்கு அதே ஊரில் வேலை கிடைக்குமா என்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். இரண்டு சம்பளம் ஒன்றாகிவிட்டால் எந்த வீட்டு விலையும் அதை ஈடுகட்டாது.

காரைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சிட்டிலிங்க் பஸ் இருக்கிறது, அதை நம்பி ஒரு குடும்பம் ஓடாது. இரண்டு கார் வேண்டும். நல்ல முருங்கைக்காயும் இட்லி அரிசியும் தேடி மாதம் ஒருமுறை சிகாகோ டெவன் அவென்யூவுக்குப் போகிறீர்களா? போய்வர சுமார் 330 மைல். அமெரிக்க வருமான வரித்துறை 2025-க்கு வைத்த மைலுக்கு 70 சென்ட் கணக்கில் 231 டாலர். உள்ளூர் இந்தியக் கடையில் பருப்பு இரண்டு டாலர் அதிகம் என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைப் பார்க்கலாம்.

வந்த மூன்றாம் மாதமே வீடு வாங்குவது

பெரும்பாலான இந்தியக் குடும்பங்கள் டன்லப் பள்ளி மாவட்டத்தைக் கேட்டுத்தான் வருகின்றன. பியோரியா நகர எல்லைக்குள்ளேயே வடக்குப் பகுதி டன்லப் மாவட்டத்தில் வரும், மற்றதில் பெரும்பகுதி பியோரியா மாவட்டம் 150. முகவரியில் பியோரியா என்று இருப்பதால் எந்தப் பள்ளி என்று சொல்லிவிட முடியாது. டன்லப் பக்கம் வீட்டு விலை நீங்கள் கேள்விப்பட்ட ஒன்றரை லட்சம் அல்ல, அதைவிட நல்ல அளவு மேலே. எந்தப் பள்ளி என்று முடிவாகாமல் பட்ஜெட்டை முடிவு செய்தால் பிறகு இழுபறிதான்.

அதைவிட முக்கியம், வேலை. 2015-இல் கேட்டர்பில்லர் பத்தாயிரம் பேர் வரை குறைப்பதாக அறிவித்தது. 2017-இல் தலைமையகத்தைச் சிகாகோ பக்கம் டியர்ஃபீல்டுக்கு மாற்றுவதாகச் சொன்னது, 2022-இல் டெக்சாஸின் இர்விங்குக்கு. பியோரியாவில் இன்றும் நிறையப் பேர் அங்கே வேலை செய்கிறார்கள், மருத்துவமனைகளும் பெரிய முதலாளிகள். இருந்தாலும் உங்கள் துறையில் இங்கே இரண்டாவது வேலை எது என்று யோசித்துப் பாருங்கள். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள் வரைதான் அவகாசம். வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தால் வீட்டை அவசரமாக விற்க வேண்டும். அதே கம்பெனியின் ஆட்குறைப்பில் இன்னும் பலர் அதே மாதம் விற்றுக்கொண்டிருப்பார்கள். முகவர் கமிஷனும் மற்ற செலவும் போனால், இரண்டு வருடத்தில் கட்டிய அசலைவிட அதிகம் கையைவிட்டுப் போகலாம்.

ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் வாடகைக்கு இருந்து பாருங்கள். அமெரென் பில் எவ்வளவு வருகிறது, எந்தப் பள்ளி, அலுவலகத்தில் நிலைமை எப்படி என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். வீடு பார்க்க ஆரம்பித்ததும் விற்பவரிடம் கடந்த 12 மாதக் கரண்ட், எரிவாயு பில்லைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் ஜன்னல்களையும் ஃபர்னஸின் வயதையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.