வாக்குத்தத்த அட்டையும் வருஷக் கணக்கும்: புத்தாண்டு ஆராதனைக்கு ஆயத்தமாவது எப்படி?

டிசம்பர் 31ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கெல்லாம் ஆலயத்திற்குள் உட்கார இடமிருக்காது. ஆண்டு முழுவதும் தலைகாட்டாதவர்களும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு ஆலய மணி ஒலித்து, வாழ்த்துகள் சொல்லி, திருவிருந்தும் முடிந்து, தட்டில் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கும், ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்ப ஒன்றரை மணி ஆகிவிடுகிறது. பொங்கலுக்குள் அந்த அட்டை எங்கே போயிற்று என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. அந்த ஓர் இரவு பன்னிரண்டு மாதங்களுக்கும் தாங்க வேண்டுமானால், ஆயத்தம் வீட்டில், ஒரு நாள் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ‘நம்பிக்கை’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. புராட்டஸ்டண்ட் சபையார் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று வரும். கத்தோலிக்கர் வாசிக்கும், 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அதே மூன்றும் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்று இருக்கும். ஒரு சபையார் இரண்டாவதற்கு வைத்த பெயரை மற்றவர்கள் முதலாவதற்கு வைத்திருக்கிறார்கள். கலப்புத் திருமணம் நடந்த குடும்பங்களில் இதனால் சிறு குழப்பம் வருவதைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், புத்தாண்டுக்கு ‘எதிர்நோக்கு’ என்ற சொல்லே பொருத்தமானது. ஏனெனில், இன்னும் கையில் வராத ஒன்றை நோக்கி முகத்தைத் திருப்பி வைத்திருப்பதை அது சொல்லிலேயே காட்டிவிடுகிறது.

டிசம்பர் 30ஆம் தேதி இரவு, குடும்ப ஜெபத்திற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, முடிகிற ஆண்டின் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவாருங்கள். மாதம் மாதமாகத் தாளைப் புரட்டி, அந்த மாதத்தில் நடந்தவற்றை ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்லி, ஒருவர் நோட்டில் எழுத வேண்டும். பிள்ளைகளுக்குத்தான் அதிகம் நினைவிருக்கும். நல்லவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பது பலரும் செய்கிற தவறு. ஆஸ்பத்திரியில் கட்டிய பணம், நின்றுபோன சம்பந்தம், அடகிலிருந்து மீட்காத நகை, மே மாதத்திலிருந்து பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி ஆகிய எல்லாமே அந்தக் கணக்கில் ஏற வேண்டும். அவற்றை விட்டுவிட்டுச் சொல்லும் ஸ்தோத்திரம் பாதிக் கணக்கை மறைத்துக் காட்டுவதற்குச் சமம்.

ஆண்டின் இறுதியில் எல்லாரும் சொல்லும் வசனம் 1 சாமுவேல் 7:12. சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, ‘இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்’ என்று சொல்லி அதற்கு எபெனேசர், அதாவது ‘உதவியின் கல்’, என்று பெயரிட்ட இடம் அது. ஆனால் அந்தப் பெயர் அங்கே முதல் தடவையாக வரவில்லை. நான்காம் அதிகாரத்தைத் திறந்தால், இஸ்ரவேலர் எபெனேசர் அருகே பாளயமிறங்கி, பெலிஸ்தரிடம் முதலில் ஏறக்குறைய 4,000 பேரையும், பின்பு 30,000 பேரையும் பறிகொடுத்து, உடன்படிக்கைப் பெட்டியையும் இழந்தது எழுதியிருக்கிறது. பெட்டி திரும்பி வந்து கீரியாத்யாரீமில் இருபது ஆண்டுகள் கிடந்த பிறகே ஏழாம் அதிகாரத்தின் கல் நிற்கிறது. தோற்ற களத்தின் பெயரையே உதவியின் கல்லுக்கும் சூட்டியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் நோட்டிலும் அந்த இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எழுதி முடித்ததும் 90ஆம் சங்கீதத்தை ஒருவர் மெதுவாக வாசிக்க, பேச்சில்லாமல் ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் படுக்கப் போகலாம்.

ஆராதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளை மாலையில் சிறிது நேரம் தூங்க வையுங்கள். முதியவர்களுக்கு ஸ்வெட்டரும் தண்ணீரும் கொண்டுபோங்கள். காணிக்கைக் கவரை வீட்டிலேயே எழுதி வையுங்கள். பன்னிரண்டு அடிப்பதற்கு முன் முழங்காலிடும் அந்தச் சில நிமிடங்களில் கைப்பேசி சட்டைப்பையில் கூட வேண்டாம், அணைந்த நிலையில் பையின் அடியில் கிடக்கட்டும். இந்த விழித்திருப்பு ஆடம்பரத்தில் பிறந்ததல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவிய சகோதரர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் 1733இல் ஆண்டின் கடைசி இரவை விழித்திருந்து ஜெபிப்பதில் கழித்தார்கள். இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தாரில், முன்பு சனிக்கிழமை இரவுகளைச் சாராயக் கடையில் கழித்த கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளர்கள் அதே இரவுகளை ஜெபத்தில் கழிக்கத் தொடங்கினார்கள். அதைக் கண்ட வெஸ்லி மாதம் ஒரு முறை, பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையில் விழித்திருப்பு ஆராதனை வைத்தார். தெருவிளக்கு இல்லாத வழியில் ஜனங்கள் நிலா வெளிச்சத்தில் வீடு திரும்ப வேண்டுமே!

இனி அட்டைக்கு வருவோம். கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். தட்டில் கைவிடும்போது பலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். எடுத்தது ‘கடிந்துகொள்ளுகிற’ வசனமாக இருந்தால் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நானே பத்து வயதில் அப்படிச் செய்து ஆச்சியிடம் காதைத் திருகக் கொடுத்தவன்தான். அட்டையைக் கிளி எடுக்கும் சீட்டாக எண்ணுவதிலிருந்து வருகிற பழக்கம் இது. சீட்டுப் போட்டு வசனம் எடுப்பது கிறிஸ்தவத்தில் இல்லாததல்ல. ஹெர்ன்ஹூட்டிலேயே 1728 மே 3ஆம் தேதி மொரேவியரின் தலைவரான சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளுக்கான வசனத்தைக் கொடுக்க, அதை அங்கிருந்த 32 வீடுகளுக்கும் கொண்டுபோய்ச் சொன்னார்கள். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகிவருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் அவர்கள் சீட்டில்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதற்குத் துணையாக வருகிற புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆள் உட்கார்ந்து வாசித்துத் தெரிந்தெடுக்கிறார். அங்கே ஒரு நாளின் வசனம் சபை முழுவதற்கும் பொது. எவருடைய தனிப்பட்ட அதிர்ஷ்டத்தையும் அது சொல்வதில்லை.

ஆகவே ஜனவரி 1ஆம் தேதி, தூங்கி எழுந்தபின், அட்டையில் உள்ள வசனத்தின் முழு அதிகாரத்தையும், முடிந்தால் அதற்கு முந்தைய அதிகாரத்தையும் வாசியுங்கள். எரேமியா 29:11 அடிக்கடி வருகிற வசனம். ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’ என்று தொடங்குவதால், இந்த ஆண்டே வேலையோ திருமணமோ விசாவோ கிடைக்கும் என்று கொள்கிறோம். அதிகாரத்தைத் திறந்தால் அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. ஐந்தாம் வசனம் வீடுகளைக் கட்டச் சொல்கிறது, தோட்டங்களை நாட்டச் சொல்கிறது. ஏழாம் வசனம் தங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களின் பட்டணத்துக்காகவே விண்ணப்பம் செய்யச் சொல்கிறது. பத்தாம் வசனம் எழுபது ஆண்டுகள் என்கிறது. கடிதம் வாசிக்கப்பட்டபோது நாற்பது வயதாக இருந்தவர் அந்த முடிவைத் தம் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

முந்தைய அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அவன் சொன்னான். புத்தாண்டு இரவில் கேட்க ஆசைப்படுகிற செய்தி அதுதான். பொய்யாய்ப் போனதும் அதுதான். எழுபது ஆண்டு என்று சொன்ன கடிதமோ ஜனங்களின் கையில் செங்கல்லையும் விதையையும் கொடுத்தது. உங்கள் அட்டையில் எந்த வசனம் இருந்தாலும், அது முதலில் யாருக்கு, எந்த இக்கட்டில் சொல்லப்பட்டது, அவர்களை என்ன செய்யச் சொன்னது என்ற மூன்றையும் கண்டுபிடித்துவிட்டால், உங்களுக்குச் சொல்வதென்ன என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

தீர்மானங்களைப் பொறுத்தவரை, ஒன்றே ஒன்று போதும் என்பது என் கருத்து. வேதாகமத்தை ஓராண்டில் முடிப்பதென்று கிளம்புகிறவர்கள் 1,189 அதிகாரங்களை நாளுக்கு மூன்று, நான்காக வாசித்து, பிப்ரவரியில் லேவியராகமத்தில் நின்றுவிடுவது வழக்கம். பழக்கமில்லாதவர்கள் பதினாறே அதிகாரங்கள் உள்ள மாற்கு சுவிசேஷத்தை ஜனவரியில் நிதானமாக முடிக்கட்டும். தனியாகத் தீர்மானம் எடுப்பதைவிடச் சபையாகப் பொருத்தனை, அதாவது கடவுளுக்கு வாக்குக் கொடுத்தல், செய்வதற்கு வலு அதிகம். வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையை மெதடிஸ்ட் சபைகள் இன்று ஆண்டின் தொடக்கத்தில் நடத்துவதற்கும் அதுவே காரணம். உங்கள் சபையில் அது இல்லையென்றால், 30ஆம் தேதி நோட்டில் எழுதிய பேசாத உறவுக்கு ஜனவரி முதல் வாரத்தில் ஒரு போன் செய்வதையே அந்த ஆண்டின் பொருத்தனையாக வைத்துக்கொள்ளலாம். எதிர்முனையில் எடுக்காவிட்டால் ஈஸ்டருக்கு மறுபடி செய்யலாம்.

கடைசியாக அட்டையை வைக்கும் இடம். ஃபிரிட்ஜ் கதவும் பர்ஸும் வேண்டாம். எங்கள் ஆச்சியின் வேதாகமத்தில் ஒவ்வோர் ஆண்டின் அட்டையும் அந்தந்த வசனம் உள்ள பக்கத்திலேயே இருந்தது. பின்புறம் பென்சிலால் ஆண்டும், அதன் கீழே இரண்டு வரியும் இருக்கும். ஏசாயா 43இல் கிடந்த அட்டையின் பின்னால் ‘மழை இல்லை. கிணறு வற்றியது. பெரியவனுக்கு வேலை இல்லை. எல்லாரும் இருக்கிறோம்’ என்று எழுதியிருந்தார். அதே வழியைப் பின்பற்றுங்கள்: இப்போதைக்கு ஆண்டை மட்டும் எழுதி, அட்டையை அதன் அதிகாரத்தில் வைத்து மூடுங்கள். மற்ற இரண்டு வரிகளுக்கு அடுத்த டிசம்பர் 30 வரை இடம் விட்டுவையுங்கள்.