யுபிவிசி ஜன்னல் ரிப்பேர்: மரவேலைப் பழக்கத்தில் செய்யும் தவறுகள்

மரஜன்னல் இறுகிப்போனால் என்ன செய்வோம்? இழைப்புளியை எடுத்து ஓரத்தில் இரண்டு இழை இழைப்போம். கிறீச்சிட்டால் கீலில் எண்ணெய் விடுவோம். இடுக்கு வழியே தண்ணீர் வந்தால் எதையாவது வைத்து அடைப்போம். காலங்காலமாகக் கைக்குப் பழகிய வைத்தியம் இது. வீட்டில் யுபிவிசி ஜன்னல் வந்த பிறகும் கை அதே வைத்தியத்தைத்தான் செய்கிறது. நான் பார்த்தவரை இந்த ஜன்னல்களில் பெரிய பழுது என்று சொல்லப்படுபவை பலவும் தானாக வந்தவை அல்ல. சின்னக் கோளாறைச் சரிசெய்யப் போய்ப் பெரிதாக்கியவை.

முதலில் கையில் இருக்கும் பொருள் என்னவென்று தெரிந்துகொள்வோம். பிவிசியில் மென்மையாக்கும் பொருளைச் சேர்த்தால் ஒயர் உறை, தோட்டத்து ஹோஸ் மாதிரி வளையும். சேர்க்காமல் விட்டால் விறைப்பாக நிற்கும், அதுதான் யுபிவிசி. ஃப்ரேமை வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கட்டியாக இருக்காது. தேன்கூடு போல அறை அறையாக வெற்றிடம். அதில் பெரிய அறைக்குள் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் ஒன்று செருகியிருக்கும். ஜன்னலுக்கு முதுகெலும்பு அந்த இரும்புதான். நான்கு மூலைகளையும் ஆணியோ பசையோ பிடித்திருக்கவில்லை. சுமார் 250 டிகிரி சூட்டில் இரு முனைகளையும் உருக்கி ஒட்டியிருப்பார்கள். இதை இழைத்தால் மெல்லிய சுவர்தான் தேயும், அறை திறந்துகொள்ளும். பிறகு அதை மூட வழியே கிடையாது.

தண்ணீர் வந்தால் அடைக்காதீர்கள்

எல்லாத் தவறுகளிலும் மூத்தது இதுதான், நானே செய்ததும் கூட. ஒரு மழைக்காலத்தில் ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் டிராக்கில் தண்ணீர் தேங்கி, உள்பக்கம் வழிந்து தரையெல்லாம் ஈரம். வெளியே போய்ப் பார்த்தால் ஃப்ரேமின் அடியில் சின்னச் சின்ன நீளத் துளைகள். ‘ஆஹா, இதன் வழியாகத்தான் வருகிறது’ என்று சிலிக்கானை எடுத்து எல்லாவற்றையும் அழகாக அடைத்தேன். அடுத்த மழையில் தண்ணீர் இருமடங்கு வழிந்தது.

அந்தத் துளைகள் தண்ணீர் உள்ளே வரும் வழி அல்ல, வெளியே போகும் வழி. ஸ்லைடிங் ஜன்னல் முழுக்க இறுக்கமாக மூடிக்கொள்ளும் வகை கிடையாது. கொஞ்சம் தண்ணீர் டிராக்கில் விழும் என்று தெரிந்தேதான் அதை வடிவமைக்கிறார்கள். டிராக்கில் விழும் தண்ணீர் உள்துளை வழியே ஃப்ரேமின் அறைக்குள் இறங்கி, சற்றுத் தள்ளி இருக்கும் வெளித்துளை வழியே போய்விடும். இரண்டு துளைகளும் நேருக்கு நேர் இருக்காது. இருந்தால் காற்று தண்ணீரை நேராக உள்ளே ஊதிவிடும். வெளித்துளை மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருப்பதும் இதற்காகத்தான். பலத்த காற்று அடிக்கும்போது டிராக்கில் தண்ணீர் சற்று உயர்ந்து குமிழி விடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காற்றழுத்தம் வடிகாலைத் தடுத்துப் பிடிக்கிறது, காற்று தணிந்ததும் இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால்தான் அடைப்பு.

சோதிக்க ஒரு குவளைத் தண்ணீர் போதும். ஷட்டரை, அதாவது கண்ணாடியோடு நகரும் பகுதியை, ஒரு பக்கம் தள்ளிவிட்டு டிராக்கில் மெதுவாக ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளித்துளையில் ஒழுகத் தொடங்க வேண்டும். நின்றுகொண்டே இருந்தால் மண், செத்த பூச்சி, பூச்சு வேலையின் சிமெண்ட் இவற்றில் ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை விட்டு ஆட்டினாலே கசடு இளகிவிடும். பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். சில வீடுகளில் வெளிப்பக்கம் டைல்ஸோ கல்லோ பதிக்கும்போது கொத்தனார் துளைகளையே மூடிவிட்டிருப்பார். அப்படியிருந்தால் ஜன்னலில் கை வைக்க வேண்டாம், அந்தப் பூச்சைத்தான் நோண்டி எடுக்க வேண்டும்.

சரி, டிராக் காய்ந்து கிடக்கிறது, ஆனால் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறுகிறது என்றால் கதை வேறு. அது ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள கசிவு. சிலிக்கானுக்கு வேலை இங்கேதான். ஆனால் பழைய சிலிக்கான் மேலேயே புதிதைப் பூசுவது வீண். சிலிக்கான் மேல் சிலிக்கான் சரியாக ஒட்டாது. பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் புதிதாக விட வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிழியும்போது காடி மாதிரி புளிப்பு வாடை அடிக்கும் ரகம் அமிலத் தன்மை உடையது. சிமெண்டோடு ஒத்துப்போகாது, உலோகத்தையும் அரிக்கும். இந்த வேலைக்கு வேண்டியது ‘நியூட்ரல்’ என்று போட்டிருக்கும் ரகம். இடைவெளியில் மஞ்சள் ஃபோம் தெரிகிறது, அதுவே போதும் என்றும் விட்டுவிடக் கூடாது. ஃபோம் வெயிலில் பொடியும், தண்ணீரை உறிஞ்சும். அதன் மேல் சிலிக்கான் இருந்தே ஆக வேண்டும்.

இழுக்க முடியவில்லை என்றால் எண்ணெய் விடாதீர்கள்

ஷட்டர் கனமாக நகர்கிறது என்றதும் கை தேங்காய் எண்ணெய்க்கோ இயந்திர எண்ணெய்க்கோ போகிறது. அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு மாதத்தில் அந்த எண்ணெயில் தூசி சேர்ந்து கருப்பாகக் களிம்பு மாதிரி ஆகி, முன்னைவிட மோசமாகும். போதாதற்கு, ஷட்டரைச் சுற்றியிருக்கும் கருப்பு ரப்பர் பெரும்பாலும் இபிடிஎம் வகை. வெயில் மழையைத் தாங்கும் அந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது, ஊதிப்போய்விடும். டிராக்கை வாக்யூம் கிளீனரோ பழைய பிரஷோ வைத்துச் சுத்தம் செய்து, சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும்.

அப்படியும் கனமாக இருந்தால் ரோலரைப் பார்க்க வேண்டும். ஷட்டரின் பக்கவாட்டில், கீழ்முனைக்கு அருகே, ஒரு துளை இருக்கும். சில ஜன்னல்களில் அதன் மேல் சின்ன மூடி இருக்கும். அதற்குள் தெரியும் ஸ்குரூதான் ரோலரை ஏற்றி இறக்குவது. பல ஜன்னல்களில் வலப்பக்கம் திருப்பினால் ஷட்டர் உயரும். அரைச்சுற்று திருப்பிவிட்டு நகர்த்திப் பாருங்கள், பிறகு அடுத்த முனை. ஒரே மூலையை வேகமாக ஏற்றிவிட்டால் ஷட்டர் கோணிக்கொண்டு மேலே உரசும். ஷட்டரை மூடும் நிலைக்கு ஒரு விரல் அளவு முன்பே நிறுத்தி, அதன் ஓரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சமமாக இருந்தால் லாக் தானாகவே பொருந்தும். லாக் மாட்டவில்லை என்று பலர் லாக்கை மாற்றுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் ரோலரில்தான் இருக்கும்.

ரோலரே தேய்ந்து சப்பையாகியிருந்தால் ஷட்டரைக் கழற்ற வேண்டும். இதைத் தனியாகச் செய்யாதீர்கள். கண்ணாடியின் எடை சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2.5 கிலோ. 5 மில்லிமீட்டர் கண்ணாடி இரட்டையாக இருந்தால் ஒரு சதுர மீட்டருக்கே 25 கிலோ, சட்டமும் இரும்பும் தனி. அப்புறம், மேல் டிராக்கில் ஷட்டர் எகிறாமல் இருக்க ஒரு சின்னத் தடுப்புக் கட்டை வைத்திருப்பார்கள். கழற்றும்போது எடுத்த அதைத் திரும்பப் பொருத்த மறப்பவர்கள் நிறைய. அது இல்லாத ஜன்னலை வெளியிலிருந்து யாரும் தூக்கிக் கழற்றிவிடலாம்.

உச்சி வெயிலில் முறுக்காதீர்கள்

மதியம் இறுகுகிறது, இரவில் சரியாகிவிடுகிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. யுபிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். 2 மீட்டர் சட்டம் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் 4 மில்லிமீட்டருக்கு மேல் வளரும். அடர்நிறப் படலம் ஒட்டிய ஃப்ரேம்கள் வெள்ளையைவிட அதிகம் சூடாகும். ஆகவே எந்தச் சரிக்கட்டலையும் காலையிலோ மாலையிலோ செய்யுங்கள். உச்சி வெயிலில் முறுக்கிய ஸ்குரூவை விடியற்காலையில் திரும்பவும் தளர்த்த வேண்டிவரும்.

கதவு போலத் திறக்கும் ஜன்னல் அடியில் உரசினால் கீல் தேய்ந்திருக்கலாம், அல்லது கண்ணாடிக்கு அடியில் வைத்த பிளாஸ்டிக் துண்டுகள் நகர்ந்திருக்கலாம். கண்ணாடியின் எடையைக் கீல் பக்கத்துக் கீழ்மூலையில் இறக்கி, எதிர்ப்பக்கத்து மேல்மூலையில் முட்டுக் கொடுத்து ஷட்டரை நிமிர்த்திப் பிடிப்பவை அந்தத் துண்டுகள்தான். அவை நகர்ந்தால் புதுக் கீல் போட்டாலும் ஷட்டர் தொங்கும். கண்ணாடியைப் பிடிக்கும் பீடிங்கைக் கழற்றித்தான் அவற்றைத் திரும்ப வைக்க முடியும். கை பழகாதவர்கள் அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவது நல்லது.

ஹேண்டில் ஆடினால் புதிது வாங்க வேண்டாம். அதன் அடிப்பகுதியை மூடியிருக்கும் தகட்டை லேசாகத் தூக்கி 90 டிகிரி திருப்பினால் உள்ளே இரண்டு ஸ்குரூ தெரியும், இறுக்கினால் முடிந்தது. ஹேண்டில் திரும்பவில்லை என்று மட்டும் பலம் காட்டாதீர்கள். உள்ளே உள்ள லாக் பட்டை முறிந்தால் செலவு பல மடங்காகும். மூடிய பிறகும் காற்று வருகிறது என்றால், லாக் பட்டையில் குமிழ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் உருளைகளை ஆலன் கீயால் கொஞ்சம் திருப்பலாம். அவை மையம் தள்ளிச் செய்யப்பட்டவை. திருப்பினால் ஷட்டர் ரப்பரோடு இன்னும் நெருங்கும். ஒரேயடியாக நெருக்கினால் ரப்பர் நசுங்கிச் சீக்கிரம் செத்துவிடும்.

ரப்பரை மாற்றும்போது இழுத்து இழுத்துப் பொருத்துவது இன்னொரு தவறு. இழுபட்ட ரப்பர் சில வாரங்களில் சுருங்கி, மூலைகளில் இடைவெளி விடும். தளர்வாக வைத்து, வெட்டும்போது துளி கூடுதலாக விட்டு அழுத்திச் செருகுங்கள். கடைக்குப் போகும்போது பழையதில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொல்லி வாங்கினால் பொருந்தாது.

இரட்டைக் கண்ணாடியில் பனி படர்ந்தால் விரலால் துடைத்துப் பாருங்கள். உள்பக்கம் துடைபட்டால் அது அறையின் ஈரப்பதம், ஜன்னலைத் திறந்து காற்று விட்டால் போதும். வெளிப்பக்கம் துடைபட்டாலும் கவலையில்லை. இரண்டு பக்கமும் துடைபடாமல் நடுவில் நிற்கிறது என்றால் விளிம்பின் அடைப்பு விட்டுப்போய், உள்ளே ஈரத்தை உறிஞ்ச வைத்த மணிகள் நிரம்பிவிட்டன. ஃப்ரேமை மாற்றத் தேவையில்லை, கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும். துளை போட்டு உலர்த்தித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். விட்டுப்போன அடைப்பு விட்டுப்போனதுதான்.

கறையைப் போக்கத் தின்னரும் அசிட்டோனும் வேண்டவே வேண்டாம். அவை கறையை மட்டும் கரைப்பதில்லை, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையும் இளக்கிவிடும். பிறகு அந்த இடம் மங்கி, அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு நார் போட்ட கீறலும் அப்படித்தான். புது ஜன்னலில் ஒட்டிவரும் பாதுகாப்புப் படலத்தை அழகுக்காக மாதக்கணக்கில் விட்டுவைத்தால் வெயிலில் பசை வெந்து உரியாமல் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்த உடனே உரித்துவிடுங்கள்.

திரைச்சீலைக்கோ கேபிளுக்கோ ஃப்ரேமில் துளையிடுவதும் வேண்டாம். மழைநீர் அந்தத் துளை வழியே இறங்கி உள்ளிருக்கும் இரும்பைத் துருவாக்கும், அது வெளியே தெரியவே தெரியாது. சுவரில் துளையிடுங்கள்.

மூலையில் உருக்கி ஒட்டிய இடமே பிளந்துவிட்டால் மட்டும் பசை, சிலிக்கான் எதுவும் நிற்காது. அதற்காகச் சுவரை உடைத்து முழு ஜன்னலையும் பெயர்க்க வேண்டியதில்லை, பிளந்தது ஷட்டர் என்றால் அந்த ஒரு ஷட்டரைப் புதிதாகச் செய்து மாட்டலாம். ஆனால் சட்டத்தின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அளவு மட்டும் கொடுத்துச் செய்யச் சொன்னால் பழைய டிராக்கில் உட்காராது. கழற்றிய ஷட்டரையே பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.