வியட்நாமில் என்ன சாப்பிடலாம்: திருப்பூர்க்காரன் சொல்வது

மெஷின் பார்க்க ஹோ சி மின் நகரம் போன முதல் நாள், பயந்துகொண்டு வாழைப்பழத்திலேயே ஓட்டினேன். நீங்கள் ஏமாந்துவிடாதீங்க.

முதலில் 'பான் செயோ' கேளுங்கள். அரிசி மாவு, மஞ்சள், தேங்காய்ப்பால். மாவை ஊற்றும்போது வருகிற 'சொய்ங்' சத்தம்தான் அதன் பேரே. தோசை மாதிரி அப்படியே விண்டு தின்னக் கூடாது. துண்டாக்கி, பச்சைக் கீரை இலையில் புதினாவோடு சுருட்டி, மீன் சாஸில் தோய்த்துக் கடிக்க வேண்டும். உள்ளே இறாலும் பன்றிக்கறியும் இருக்கும். சைவமா? 'ஆன் சாய்' என்று சொல்லுங்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு அங்கேயும் நிறையப் பேர் கறி தொடமாட்டார்கள்.

'பூன்' என்கிற அரிசி நூடுல்ஸ் நம்ம சந்தகைதான் (இடியாப்பம் மாதிரி), கொஞ்சம் வழுவழுப்பு. அப்புறம் ஃபோ சூப், பெரும்பாலும் மாட்டெலும்பில் கொதித்தது. ஹனோய் போனால் முட்டைக் காபி. மஞ்சள் கரு நுரை, வாடையே இல்லை.